முன்னறிவிப்பின்றிப் பணி விலகல்

முன்னறிவிப்பின்றிப் பணி விலகல் என்பது, பணி ஒப்பந்தத்திலோ நிறுவன நிலையாணைகளிலோ குறிக்கப்பட்ட முன்னறிவிப்புக் காலத்தை முழுமையாகப் பணியாற்றி முடிக்காமல் ஓர் ஊழியர் வேலையை விட்டு நீங்குவதைக் குறிக்கும். விலகல் கடிதம் கொடுத்த அன்றே வெளியேறுவது, அறிவிப்புக் காலத்தின் நடுவில் வருவதை நிறுத்திக்கொள்வது, எதுவும் தெரிவிக்காமல் ஒருநாள் முதல் வராமல் போவது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். மூன்றின் சட்ட விளைவுகளும் ஒன்றல்ல.

இந்தியாவில் இச்செயல் இன்று ஏறக்குறைய முழுவதும் பணம் தொடர்பான உரிமையியல் சிக்கலாகவே கருதப்படுகிறது. ஆனால் 1926 வரை, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையைப் பாதியில் விட்டுச் சென்றால் கடுங்காவல் சிறைக்கு அனுப்பப்படக்கூடிய நிலை இருந்தது. தமிழர்கள் கூலிகளாகச் சென்ற இலங்கை, நாத்தால் முதலிய இடங்களிலும் இதுவே நிலை. இக்கட்டுரை இந்தியச் சட்டநிலையையும், அதனோடு தொடர்புடைய சில நாடுகளின் நிலையையும் விளக்குகிறது.

சொல் வழக்கு

முன்னறிவிப்புக் காலம் பேச்சு வழக்கில் நோட்டீஸ் பீரியட் எனப்படுகிறது. விலகல் கடிதம் கொடுப்பதைத் தகவல் தொழில்நுட்பத் துறையினர் "பேப்பர் போடுதல்" என்பர். அறிவிக்காமல் நின்றுவிடுபவரை நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகள் "அப்ஸ்காண்ட்" ஆனவர் எனக் குறிக்கின்றன. இச்சொல் தலைமறைவான குற்றவாளியைக் குறிக்கும் காவல்துறைச் சொல்லாகும். வேலையை விட்டவருக்கு அது பயன்படுத்தப்படுவதற்குச் சட்ட அடிப்படை ஏதும் இல்லை.

முன்னறிவிப்புக் காலத்தின் நோக்கம்

அறிவிப்புக் காலம் இரு தரப்புக்கும் உரியது. நிறுவனம் மாற்று ஆளைத் தேடவும், விலகுபவர் தம் பொறுப்புகளை ஒப்படைக்கவும் அது கால இடைவெளி தருகிறது. நிறுவனம் ஊழியரை நீக்க விரும்பும்போது, அதே காலம் அவருக்கு வேறு வேலை தேடும் அவகாசமாகிறது. விலகல் கடிதம் கொடுத்தவர் மனம் மாறுவதற்கும் அதில் இடமுண்டு. பின்னொரு தேதியில் நடைமுறைக்கு வருமாறு கொடுக்கப்பட்ட விலகலை, அத்தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் கோபால் சந்திர மிசுரா வழக்கில் (1978) தீர்ப்பளித்தது. அது ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் பதவி விலகல் பற்றிய வழக்கு.

1946-ஆம் ஆண்டின் தொழிற்சாலை வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட மாதிரி நிலையாணைகள், மாதச் சம்பளம் பெறும் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு மாதமும் ஏனையோருக்கு இரண்டு வாரமும் அறிவிப்புக் காலமாக வகுத்தன. அறிவிப்புக்கு மாற்றாக அக்காலத்துக்குரிய ஊதியத்தைச் செலுத்திவிடலாம் என்பதும் அவற்றிலேயே கூறப்பட்டிருந்தது. இந்த அளவு இரு தரப்புக்கும் சமமானது. மேலாளர்கள், மென்பொருள் பொறியாளர்கள் போன்றோருக்கு அறிவிப்புக் காலத்தைப் பெரும்பாலும் பணி ஒப்பந்தமே முடிவு செய்கிறது. தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்கள் பலவற்றில் இது 90 நாட்களாக உள்ளது. புதிய வேலை தரும் நிறுவனமோ பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வந்து சேருமாறு கேட்கிறது. இத்துறையில் அறிவிப்புக் காலம் பற்றிய பூசல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலேயே பிறக்கிறது.

சிறைக்குரியதாக இருந்த காலம்

இங்கிலாந்தில் 1823-ஆம் ஆண்டின் எசமானர் வேலையாள் சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்ட தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறையிலிடலாம். எசமானர் ஒப்பந்தத்தை மீறினால் அவர்மீது உரிமையியல் வழக்கு மட்டுமே தொடுக்க முடியும். 1858 முதல் 1875 வரை ஆண்டுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் வழக்குகள் இங்கிலாந்திலும் வேல்சிலும் தொடரப்பட்டன. 1875-இல் இத்தண்டனை அங்கே ஒழிக்கப்பட்டது. குடியேற்ற நாடுகளில் அது மேலும் அரை நூற்றாண்டு நீடித்தது.

இந்தியாவில் இதன் வடிவம் 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டமாகும். இது தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என அறியப்பட்டது. கல்கத்தாவின் ஐரோப்பிய வணிகர்களும் கைத்தொழில் முதலாளிகளும் அடங்கிய கல்கத்தா வணிகச் சங்கம் இதற்காக வலியுறுத்தி வந்தது. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகர்களுக்கென இயற்றப்பட்டபோதும், அரசு விரும்பும் பிற பகுதிகளுக்கும் விரிவாக்கலாம் என்ற பிரிவு அதில் இருந்தது. அப்பிரிவின் வழியே அச்சட்டம் அசாமின் தேயிலைத் தோட்டங்களையும் தென்னிந்தியாவின் மலைத்தோட்டங்களையும் சென்றடைந்தது.

சட்டம் செயல்பட்ட விதம் எளிமையானது. முன்பணம் பெற்ற கைவினைஞரோ கூலியாளோ தக்க காரணமின்றி வேலையைச் செய்ய மறுத்தால், முதலாளி நடுவரிடம் முறையிடலாம். நடுவர், முன்பணத்தைத் திருப்பித் தருமாறோ ஒப்பந்தப்படி வேலையைச் செய்யுமாறோ ஆணையிடுவார். இரண்டில் எது வேண்டும் என்பதை முதலாளியே தேர்ந்தெடுப்பார். ஆணைக்குக் கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற தேவையும் இல்லை. வாய்மொழி ஒப்பந்தமே போதும். கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவர் சந்தையில் சில ரூபாய் வாங்கிக்கொண்டு என்ன சொன்னார் என்பதை, பின்னர் நடுவர் முன் முதலாளியின் ஆள் சொல்வார். பணத்தைத் திருப்பித் தந்து விடுபடத் தொழிலாளி ஆயத்தமாக இருந்தாலும், முதலாளி வேலையையே கேட்டால் அவருக்கு வேறு வழி இல்லை. கடனைத் தீர்ப்பதைவிட உழைப்பைக் கட்டிவைப்பதே சட்டத்தின் நோக்கமாக இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டமும் இதற்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியது. பிரிவு 490 பயணத்தின் நடுவில் பணியை விட்டு ஓடுவதைப் பற்றியது. அதற்கு எடுத்துக்காட்டாகச் சட்டமே கூறுவது, ஒருவரைச் சுமந்து செல்ல ஒப்புக்கொண்ட பல்லக்குத் தூக்கி பாதி வழியில் ஓடிவிடும் நிகழ்வை! பிரிவு 492, முதலாளியின் செலவில் தொலைதூரம் அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளி, எழுத்து ஒப்பந்தம் முடியுமுன் நீங்குவதைத் தண்டனைக்குரியதாக்கியது. பிரிவு 491 பற்றிக் கீழே தனியே காண்க.

பாலசுந்தரம்

ஒப்பந்தக் கூலிக்கும் சாதாரண வேலையாளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கப் பெரிதும் சுட்டப்படும் நிகழ்வு, 1894-இல் நாத்தால் குடியேற்ற நாட்டின் தர்பன் நகரில் நடந்தது. பாலசுந்தரம் என்னும் தமிழர், எசமானரால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் உடைந்து, வாயில் குருதி வழிய, கிழிந்த உடையுடன், தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி மோகன்தாசு காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்தி அப்போது அங்கே வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழரின் வாயிலாகவே காந்தி அவரது நிலையை அறிந்துகொண்டார்.

காந்தி தமது தன்வரலாற்றில் இந்த நிகழ்வுக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். அவர் அங்கு விளக்கும் சட்டநிலை கவனிக்கத்தக்கது. சாதாரண வேலையாள் அறிவிப்பின்றி நீங்கினால் எசமானர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம், அவ்வளவே. ஒப்பந்தக் கூலி அதையே செய்தால் அது குற்றம், அதற்குச் சிறை உண்டு. ஆகவே பற்கள் உடைபட்டவரும் மறுநாள் அதே வீட்டுக்கு வேலைக்குச் சென்றாக வேண்டும். விடுபட இரண்டே வழிகள் இருந்தன. ஒப்பந்தத் தொழிலாளர் காப்பாளர் ஒப்பந்தத்தை நீக்கவோ வேறொருவருக்கு மாற்றவோ வேண்டும், அல்லது எசமானரே விடுவிக்க இசைய வேண்டும்.

காந்தி முதலில் மருத்துவரிடம் சான்று பெற்று, பாலசுந்தரத்தை நடுவர் முன் நிறுத்தினார். நடுவர் எசமானருக்கு அழைப்பாணை பிறப்பித்தார். ஆயினும் எசமானரைத் தண்டிப்பது காந்தியின் நோக்கமாக இல்லை. ஒப்பந்தத்தை மாற்றித் தர எசமானர் ஒப்புக்கொண்டார். ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ள ஐரோப்பியருக்கு மட்டுமே உரிமை இருந்ததால், காந்தி வேறொரு ஐரோப்பியரைத் தேடிப் பாலசுந்தரத்தை அவரிடம் சேர்த்தார். கொடுமையிலிருந்து தப்பியவருக்குக் கிடைத்தது புதிய எசமானரேயன்றி விடுதலை அன்று. இச்செய்தி சென்னை வரை பரவியது எனக் காந்தி குறிப்பிடுகிறார்.

இலங்கைத் தோட்டங்களும் துண்டு முறையும்

இலங்கையில் 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் கட்டளைச் சட்டம் வேலையாள் ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்தியது. அதன்படி, தோட்டத் தொழிலாளியின் வாய்மொழி ஒப்பந்தம் ஒரு மாதத்துக்குரியது. முறையாக அறிவிப்புத் தரப்படாவிட்டால் மாதந்தோறும் அது தானே புதுப்பிக்கப்படும். அறிவிப்பின்றி நீங்குவதற்குச் சிறைத் தண்டனையும் ஊதிய இழப்பும் உண்டு. ஏட்டளவில் ஒரு மாத ஒப்பந்தமே ஆதலின், இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சுதந்திரமானவர்கள் என்று தோட்டத்துரைகள் கூறிவந்தனர்.

நடைமுறையில் அவர்களைக் கட்டியது கடன். தமிழ்நாட்டிலிருந்து ஆள்சேர்த்து வந்த கங்காணி, பயணச் செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதினார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்புவோருக்குத் தோட்ட நிர்வாகம் ஒரு சீட்டுக் கொடுத்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்க ஆயத்தம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். இச்சீட்டே "துண்டு" எனப்பட்டது. தமிழ்ச் சொல்லே ஆங்கில அரசு ஆவணங்களிலும் அப்படியே இடம்பெற்றது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெறும். கட்டிய தொகை புதிய தோட்டத்தில் அவர்களது கடனாகும். தொழிலாளருக்கான போட்டி மிகுந்தபோது துண்டுத் தொகைகளும் ஏறின. துண்டு இல்லாமல் வந்தவரை வேறு தோட்டம் சேர்த்துக்கொள்ளத் தயங்கியது. எனவே அறிவிப்புக் கொடுத்து முறைப்படி விலகும் உரிமை சட்டத்தில் இருந்தும், கையில் துண்டு இல்லாதவருக்கு அது பயன்படவில்லை.

துண்டு முறை 1921-ஆம் ஆண்டின் 43-ஆம் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியத் தோட்டத் தொழிலாளர் மீதான சிறைத் தண்டனைப் பிரிவுகளும் 1920-களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டன.

தண்டனை நீக்கம்

இந்தியாவில் 1859-ஆம் ஆண்டுச் சட்டம் 1920-இல் திருத்தப்பட்டு, 300 ரூபாய்க்கு மேற்படாத முன்பணங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. 1925-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம் அதனையும், தண்டனைச் சட்டத்தின் 490, 492 ஆகிய பிரிவுகளையும் முற்றாக நீக்கியது. இந்நீக்கம் 1926-இல் நடைமுறைக்கு வந்தது.

இதற்கு இணையான சட்டம் ஒன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலும் இருந்தது. 15 டாலர் முன்பணம் பெற்று ஓராண்டு வேலைக்கு ஒப்பி, சிறிது காலத்தில் விலகிய கறுப்பினத் தொழிலாளி ஒருவர் ஏமாற்றுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். 1911-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அச்சட்டம் முரணானது எனத் தள்ளியது. இந்திய அரசியலமைப்பின் 23-ஆவது உறுப்பும் கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. முன்பணத்தின் பெயரால் உழைப்பைக் கட்டிவைப்பதே 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். அதாவது, 1859-இல் ஓடிய தொழிலாளி குற்றவாளி. 1976-க்குப் பின் ஓடவிடாமல் தடுத்தவர் குற்றவாளி.

இந்தியாவில் இன்றைய சட்டநிலை

எந்த நீதிமன்றமும் ஒருவரை விருப்பமில்லாத வேலைக்குத் திரும்பிச் செல்லுமாறு ஆணையிடுவதில்லை. தனிப்பட்ட பணி ஒப்பந்தங்களைக் குறித்தவாறே நிறைவேற்றச் செய்ய முடியாது என்பது 1877-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்திலும், அதற்கு மாற்றாக வந்த 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவிலும் உள்ள நெறியாகும். எனவே முன்னறிவிப்பின்றி விலகியவரிடம் நிறுவனம் கேட்கக்கூடியது இழப்பீடு மட்டுமே.

அந்த இழப்பீட்டுக்கும் எல்லை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால் அத்தொகைக்கு மேற்படாத நியாயமான ஈட்டையே நீதிமன்றம் வழங்கும். குறித்த தொகை தானாகவே கிடைத்துவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் பதே சந்த் வழக்கில் (1963) விளக்கியது. நடைமுறையில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அறிவிப்புக் காலத்தில் பணியாற்றாத நாட்களுக்குரிய ஊதியத்தை இழப்பீடாகக் குறிக்கின்றன. அத்தொகையைச் செலுத்தி உடனே விலகலாம் என ஒப்பந்தமே கூறுமானால், அவ்வாறு விலகுவது ஒப்பந்த மீறலே அன்று. சில வேளைகளில் புதிய நிறுவனம் இத்தொகையை ஏற்றுக்கொள்கிறது.

இவ்வாறு பெறப்படும் தொகைக்குச் சேவை வரி உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் இல்லை என்றது. நிறுவனம் ஊழியருக்குச் சேவை எதையும் செய்யவில்லை, ஈடு பெற்றுக்கொண்டு திடீர் வெளியேற்றத்துக்கு இசைந்துள்ளது என்பதே அதன் கருத்து. சரக்கு மற்றும் சேவை வரிக்கும் இதே நிலைப்பாட்டை நடுவண் அரசின் சுற்றறிக்கை 2022 ஆகத்தில் உறுதி செய்தது.

இழப்பீட்டுக்கு அப்பால் நிறுவனத்துக்கு வலுச்சேர்த்த தீர்ப்புகளும் உண்டு. செஞ்சுரி நூற்பாலை வழக்கில் (1967), டயர்நூல் உற்பத்தியில் பயிற்சி பெற்று ஐந்தாண்டு பணிக்கு ஒப்பிய மேற்பார்வையாளர் ஒருவர், 1964-இல் இடையில் விலகிப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். பழைய நிறுவனத்துக்குத் திரும்புமாறு நீதிமன்றம் ஆணையிடவில்லை. ஆனால் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேறெங்கும் அதே வகைப் பணியைச் செய்யக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நேரடியாகக் கட்ட முடியாதவரைச் சுற்றிவளைத்துக் கட்டும் வழி இது எனத் திறனாய்வதற்கு இடமுண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் நீளும் தடைகளுக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இடமளிப்பதில்லை.

பொதுத்துறை வங்கியான விசயா வங்கி, மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று அலுவலர் ஒருவரிடம் பிணைப்பத்திரம் பெற்றிருந்தது. அவர் 2009-இல் இடையில் விலகி, எதிர்ப்புத் தெரிவித்தே அத்தொகையைச் செலுத்தினார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பொதுத்துறையில் மீண்டும் ஆளெடுக்க ஆகும் காலமும் செலவும், மூத்த மேலாளர் நிலையில் அவர் பெற்ற ஊதியத்தோடு ஒப்பிடுகையில் தொகை மிகையன்று என்பதும் காரணங்களாகக் காட்டப்பட்டன. குறைந்த ஊதியக்காரரிடம் பெறப்படும் பெருந்தொகைப் பிணைகளுக்கு இத்தீர்ப்பு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

அரசு ஊழியர்களின் நிலை வேறு. அவர்களது விலகல், உரிய அதிகாரி ஏற்ற பின்னரே நிறைவு பெறுகிறது. அதற்குமுன் வராமல் நிற்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது.

சொல்லாமல் நின்றுவிடுதல்

விலகல் கடிதமே தராமல் நின்றுவிட்டவரை விலகியவராகக் கொள்ளலாமா என்பது தொழிலாளர் சட்டத்தில் பழைய வினா. சென்னைப் பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையின் நிலையாணை, விடுப்பின்றி எட்டு வேலைநாட்கள் தொடர்ந்து வராத தொழிலாளி வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்றது. விடுப்பில் சென்று உரிய நாளில் திரும்பாமல், பின்னர் உடல்நலக் குறைவைக் காரணமாகக் கூறிய தொழிலாளி ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் (1964) ஆலையின் பக்கம் நின்றது. இந்தக் கடுமை 1993-இல் தளர்ந்தது. டி. கே. யாதவ் வழக்கில், நிலையாணையில் எவ்வாறு எழுதியிருப்பினும், விளக்கம் கேட்காமல் ஒருவரது பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்கக்கூடாது, வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என நீதிமன்றம் கூறியது. வராத ஊழியருக்கு நிறுவனங்கள் இன்று அடுத்தடுத்துக் கடிதங்கள் அனுப்புவதற்கு இத்தீர்ப்பே காரணம். அக்கடிதங்களின் மிரட்டல் தொனியைக் கண்டு பலர் காவல்துறை வரும் என அஞ்சுகின்றனர். நிறுவனத்தின் பணமோ பொருளோ தரவோ கையாடப்பட்டிருந்தாலன்றி இதில் காவல்துறைக்கு வேலை இல்லை.

ஊதியமும் பிற தொகைகளும்

செய்த வேலைக்கான ஊதியம், விலகிய முறையால் இல்லாமற் போவதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம், 2019, பணி விலகியவருக்கும் இரண்டு வேலைநாட்களுக்குள் நிலுவை ஊதியத்தைத் தர வேண்டும் என்கிறது. அதற்கு முன்னிருந்த 1936-ஆம் ஆண்டுச் சட்டம் இக்காலக்கெடுவை நிறுவனத்தால் நீக்கப்பட்டவருக்கு மட்டுமே விதித்திருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒன்றுகூடி, அறிவிப்பும் தக்க காரணமும் இன்றி வராமல் நின்றால், ஒப்பந்தப்படி எட்டு நாள் ஊதியம் வரை பிடித்தம் செய்யலாம் என்ற பிரிவு இரு சட்டங்களிலும் உண்டு. தனி ஆளைவிடக் கூட்டமாக விலகுவோரைச் சட்டம் கடுமையாகப் பார்ப்பதை இதில் காணலாம்.

வருங்கால வைப்புநிதியில் உள்ள தொகை ஊழியருக்கே உரியது. முன்பு, விலகிய நாளை நிறுவனம் பதிவு செய்யாவிட்டால் பணத்தை எடுப்பதோ மாற்றுவதோ இயலாமல் இருந்தது. 2020 முதல் ஊழியரே அந்நாளை இணையவழியில் பதிந்துகொள்ளும் வசதி வந்தது. பணிக்கொடையும் அறிவிப்பின்றி விலகியதற்காகப் பறிக்கப்படக்கூடியதன்று.

பணிவிடுவிப்புக் கடிதம்

மேற்கூறிய சட்டநிலையைப் படிப்பவருக்கு, முன்னறிவிப்பின்றி விலகுவது எளிதென்று தோன்றலாம். நடைமுறையில் விலகுபவரைத் தடுப்பது நீதிமன்றம் அன்று. பணிவிடுவிப்புக் கடிதம் என்னும் ஒரு தாள். ரிலீவிங் லெட்டர் என அறியப்படும் இக்கடிதத்தைப் புதிய நிறுவனங்கள் பல கட்டாயமாகக் கேட்கின்றன. அனுபவச் சான்றும் கடைசி மாதச் சம்பளச் சீட்டும் இதனுடன் சேரும். பழைய நிறுவனம் இவற்றை நிறுத்திவைத்தால், ஊழியர் தம் சில ஆண்டு உழைப்பை வெளியில் மெய்ப்பிக்க முடியாமற் போகிறது. அறிவிப்புக் காலத்தை ஈடுசெய்யும் தொகையை ஏற்க மறுத்து, முழுக்காலமும் பணியாற்றினாலே கடிதம் என்று கூறும் நிறுவனங்களும் உள்ளன. தமிழ்நாட்டின் தனியார் கல்லூரிகள் சிலவற்றில் ஆசிரியர்களின் மூலச் சான்றிதழ்களை வாங்கிவைத்துக்கொள்ளும் வழக்கம் இதனினும் கடுமையானது. துண்டு முறையை அறிந்தவருக்கு இவற்றின் அமைப்பு புதிதாகத் தோன்றாது.

மாதிரி நிலையாணைகள் நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமையை அளித்தன. ஆனால் பணிவிடுவிப்புக் கடிதத்தை நாடும் பெரும்பாலோர் அந்த நிலையாணைகளின் எல்லைக்குள் வராதவர்கள். பணி நியமன ஆணை, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, வைப்புநிதிப் பதிவு, வருமான வரிப் படிவம் ஆகியவை பணியாற்றியதற்கு மாற்றுச் சான்றுகளாகப் பயன்படுகின்றன.

நூற்பாலைகளின் மூன்றாண்டுத் திட்டம்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் 2000-களில் பரவலாக அறியப்பட்ட சுமங்கலித் திட்டம், முன்னறிவிப்புக் காலம் என்ற பெயரே இல்லாமல் அதே வேலையைச் செய்தது. ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள் மூன்றாண்டுக்கு ஆலை விடுதியில் தங்கிப் பயிற்சியாளராக வேலை செய்தனர். மாதந்தோறும் சிறுதொகை தரப்பட்டது. மூன்றாண்டு நிறைந்ததும் மொத்தத் தொகை தரப்படும் என்பது ஏற்பாடு. அது திருமணச் செலவுக்காகும் என்ற எண்ணத்தாலேயே திட்டத்துக்கு இப்பெயர். நோயாலோ வேலைப் பளுவாலோ இடையில் விலகியவர்களுக்கு மொத்தத் தொகை மறுக்கப்பட்டதாகத் தொழிற்சங்கங்களும் தன்னார்வ அமைப்புகளும் தொடர்ந்து குற்றஞ்சாட்டின. மொத்தத் தொகையில் பெரும்பகுதி, பிடித்து வைக்கப்பட்ட ஊதியமே என்பது அவர்களது வாதம். இரண்டரை ஆண்டு வேலை செய்த பெண்ணுக்கு எஞ்சிய ஆறு மாதம் என்பது, எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத அறிவிப்புக் காலம்.

விமானிகள்

அறிவிப்புக் காலத்தை அரசே நீட்டித்த துறை வான்போக்குவரத்து. இந்திய வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2017-இல் வெளியிட்ட விதியின்படி, விமானத் தலைவருக்கு ஓராண்டும் துணை விமானிக்கு ஆறு மாதமும் முன்னறிவிப்பு வேண்டும். விமானிகள் சங்கங்கள் இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் அறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகினர். பல பறப்புகளை நீக்க நேர்ந்த அந்நிறுவனம், சில விமானிகள் மீது பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடர்ந்தது. இயக்குநரகம் நடவடிக்கை எடுக்க வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றத்தையும் நாடியது. பணி ஒப்பந்தங்களில் தாம் தலையிட முடியாது என்பது இயக்குநரகத்தின் விடை. உயர் ஊதியமும் வேறு வேலையும் உள்ள ஊழியர் கூட்டமாக விலகினால், நிறுவனமே நலிந்த தரப்பாகிவிடலாம் என்பதற்கு இது அரிய எடுத்துக்காட்டு.

வளைகுடா நாடுகள்

தமிழர் பெருமளவில் பணிபுரியும் வளைகுடா நாடுகளில் நிலைமை உரிமையியல் எல்லைக்குள் நிற்பதில்லை. அங்கு வதிவுரிமை முதலாளியோடு பிணைக்கப்பட்டது. சவூதி அரேபியாவில் வேலையை விட்டுச் சென்றவரை "ஹுரூப்", அதாவது ஓடியவர், என முதலாளி அரசிடம் பதிந்தால், அவர் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியிருப்பவராகிக் கைதுக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளாக நேரும். ஊதியம் தராத முதலாளியும் இவ்வாறு பதிய முடிந்தது என்பதே இதன் கொடுமை. கத்தார் 2020-இல் சட்டத்தைத் திருத்தி, முதலாளியின் இசைவின்றியே வேலை மாற வழிசெய்தது. பணியில் இரண்டாண்டு வரை ஒரு மாதமும், அதற்கு மேல் இரண்டு மாதமும் அங்கு முன்னறிவிப்புக் காலமாகும். 2021-இல் சவூதி அரேபியாவும் தளர்வுகளைக் கொண்டுவந்தது. வீட்டுப் பணியாளர்களுக்கு அத்தளர்வுகள் பொருந்தவில்லை.

இன்றும் குற்றமாக உள்ள நிலை

1925-இல் நீக்கப்படாமல் எஞ்சிய 491-ஆம் பிரிவு, இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்த 2024 சூன் வரை தொடர்ந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 357-ஆம் பிரிவாக அது உள்ளது. இளவயது, மனநலக் குறைவு, நோய், உடல் தளர்ச்சி ஆகியவற்றால் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத ஒருவரைக் கவனிக்கச் சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொண்டவர், வேண்டுமென்றே அதைச் செய்யாது விடுவது இதன்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். முந்தைய சட்டத்தில் தண்டத்தின் உச்ச அளவு 200 ரூபாயாக இருந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தனியே விட்டுச் செல்லும் பராமரிப்பாளர் இதற்குள் வரக்கூடும். அப்பராமரிப்பாளருக்கு அவ்வீட்டில் இழைக்கப்பட்ட கொடுமை பற்றி இப்பிரிவு எதுவும் கூறவில்லை.